ஊசி பிடித்த ஏட்டையா

செவ்வாப்பேட்டை ரயில் நிலையத்தில் திருவள்ளூர் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். எதிர்ப் பிளாட்பாரத்தில் சென்னைக்குப் போகிற காலைக் கூட்டம். அந்த இரைச்சலில், என்னோடு வேலை செய்கிற சேகர் போனில் சொன்னது முதலில் காதில் விழவில்லை. மறுபடியும் சொன்னான்.

“அக்கா, ஏட்டையா பூட்டாருக்கா.”

டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்ற வாசலில் உட்கார்ந்தாராம். எழுந்திருக்கவில்லை. அவர் மனைவி சமையலறையிலிருந்து ஏதோ பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். பதில் வராததைப் பார்த்துத்தான் வெளியே வந்தாராம்.

துக்கம் வருவதற்கு முன்னால் எனக்கு வந்த நினைப்பைச் சொல்லாமல் இந்த அஞ்சலியை எழுத முடியாது. ‘அப்படியானால் அடுத்த வாரம் கூட்டத்தில் யார் பேசுவது?’ இதுதான் என் மனதில் முதலில் ஓடியது. ஒரு மனிதர் செத்துப்போயிருக்கிறார். நான் பேச்சாளரைத் தேடுகிறேன். வண்டி வந்தது. ஏறவில்லை. பிளாட்பாரத்தைக் கடந்து எதிர்ப்பக்க வண்டியில் ஏறி, பேசின் பிரிட்ஜில் மாறிக் கவரப்பேட்டைக்குப் போனேன். வழியெல்லாம் அழுதேன். ஆனால் முதலில் வந்தது அழுகை இல்லை என்பது எனக்குத் தெரியும்.

புதுவாயல், கவரப்பேட்டை, கும்மிடிப்பூண்டிப் பக்கம் இருக்கிற உங்களில் பலருக்கு அவர் ஏட்டையாதான். முனிரத்தினம் என்ற பெயர் அவருடைய மனைவி வாயிலும் பென்ஷன் ஆபீசிலும் மட்டும்தான் இருந்தது. போலீசில் தலைமைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். சிலருக்கு அவரிடம் அடி வாங்கிய நினைவு இருக்கும். சிலருக்கு அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போன நினைவு இருக்கும். இரண்டும் உள்ளவர்களும் இருக்கிறார்கள்.

நான் அவரை முதலில் பார்த்தது அவர் இன்னும் சர்வீசில் இருந்தபோது. புதுவாயல் கூட்டுரோட்டில், பஞ்சர் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் எங்கள் மையம் நடந்துகொண்டிருந்தது. வெளிநாட்டு உதவியில் நடந்த திட்டம். உருக்காலைகளில் ஒப்பந்த வேலை செய்கிற பையன்கள் பலர் அப்போது போதைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். முதுகு வலிக்கும் கை வலிக்கும் என்று தொடங்கி, அது இல்லாமல் ஷிப்டுக்குப் போக முடியாது என்ற நிலைக்கு வந்தவர்களும் அதில் உண்டு. பழைய ஊசியைக் கொண்டுவந்து கொடுத்தால் நாங்கள் புது ஊசி கொடுப்போம். சீழ் பிடித்த கைக்குக் கட்டுப் போடுவோம். சில நாட்கள் டாக்டர் வருவார். விட நினைப்பவனைச் சிகிச்சைக்கு அனுப்புவோம். இன்னும் விட முடியாதவன் அதுவரை நோய் வாங்கிக்கொள்ளாமல், செத்துப்போகாமல் இருக்க வேண்டும். அதுதான் எங்கள் வேலை.

அன்றைக்குப் படியில் பூட்ஸ் சத்தம் கேட்டதுமே உள்ளே இருந்த பையன்கள் பின்வழியாக இறங்கி ஓடிவிட்டார்கள். சேகர் மட்டும் நின்றான். சேகர் ஒரு காலத்தில் ஊசி போட்டவன், அதை விட்டு எங்களிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தவன். ஏட்டையா உடுப்போடு உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார்.

“ஊசி குடுக்கறீங்களாமே. நாங்க புடிக்கறோம், நீங்க குடுக்கறீங்க. நல்லா இருக்குதும்மா நாயம்.”

நான் விளக்கத் தொடங்கினேன். பயிற்சியில் படித்த வாசகங்கள் எல்லாம் வந்தன. அவர் அதைக் காதில் வாங்கவில்லை. சேகரைப் பார்த்தார்.

“ஏண்டா, மெடிக்கல் ஷாப்ல விக்குது. இவங்க எதுக்குக் குடுக்கணும்?”

“விக்குது ஏட்டையா. வாங்கி எங்க வச்சிக்கறது?”

“பாக்கெட்ல வச்சிக்கோ.”

“பாக்கெட்ல வச்சா நீங்க புடிப்பீங்களே.”

“அப்போ இன்னாதான் பண்றானுங்க?”

“ஏரிக்கரைல பாழடைஞ்ச பம்புசெட்டு ரூமு கீது இல்ல? அதுல செவுத்துப் பொந்துல ஒண்ணு வச்சிருப்பாங்க. வர்றவங்கல்லாம் அதுலதான் போட்டுக்குவாங்க. போட்டுட்டு அங்கயே வச்சிட்டுப் போயிடுவாங்க. கையில இருந்தாத்தானே நீங்க புடிப்பீங்க?”

கேள்வி கேட்டே பழகிய மனிதர் அவர்.   அன்றைக்குத் திரும்பிப் படியிறங்கிப் போய்விட்டார். மையத்தை மூட வைத்துவிடுவார் என்று பயந்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை.

கூட்டுரோட்டில் அவர் எப்படிப் பேர் வாங்கினார் என்பதை எனக்குப் பிறகு சேகர் சொன்னான். ஷிப்டு முடிந்து வருகிற பையன்களை நிறுத்தி, சட்டைப் பையை விரலால் தட்டிப் பார்ப்பாராம். ஊசி இருந்தால் எடுத்து ரோட்டில் போட்டு பூட்ஸால் மிதித்து நொறுக்குவார். பையனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போவார். இப்படி நிறையப் பேரைப் பிடித்ததற்காக மேலதிகாரிகள் பாராட்டியிருக்கிறார்கள். அம்மாமார்கள் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். லஞ்சம் வாங்காத மனிதர். பிள்ளைகள் கெட்டுப்போகக் கூடாது என்றுதான் செய்தார். அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

ஓய்வு பெற்ற பிறகு, ஒருநாள் வேட்டி சட்டையில் மையத்துக்கு வந்தார். வந்ததும் சேகரிடம், “அந்த பம்புசெட்டு ரூமைக் காட்றியா?” என்று கேட்டார். மூன்று பேரும் போனோம். சுவரில் செங்கல் பெயர்ந்த இடத்தில், பால் கவரில் சுற்றி ஒரு ஊசி இருந்தது. முனை மழுங்கி, குழாயில் எண்கள் எல்லாம் அழிந்துபோயிருந்தன. பழக்க தோஷத்தில் அவர் கை அதை எடுக்கப் போனது.

“எடுக்காதீங்க ஏட்டையா,” என்றான் சேகர். “இத்த எடுத்தா வேற ஒண்ணு வைப்பாங்க. அதுவும் ஒண்ணேதான் வைப்பாங்க.”

அவர் கையை இழுத்துக்கொண்டார். “டில்லி இங்க வருவானா?” என்று கேட்டார்.

“வந்தவன்தான். இப்ப வர்றதில்ல. படுத்துட்டான்.”

டில்லிபாபு அவருடைய தெருவுக்கு அடுத்த தெருப் பையன். உருக்காலையில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தான். அப்பா இல்லை. அம்மா கன்னியம்மா கூட்டுரோட்டில் ஷிப்டு ஆட்களுக்கு நாஷ்டா கடை போட்டிருந்தார், இட்லியும் வடகறியும். ஏட்டையா டில்லியைப் பலமுறை பிடித்திருக்கிறார். கடைசி முறைக்குப் பிறகு அவன் பையில் ஊசி இருந்ததே இல்லை. பையன் திருந்திவிட்டான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவன் பம்புசெட்டு ரூமுக்குப் போய்க்கொண்டிருந்தான். எச்.ஐ.வி. வந்து, அதோடு காச நோயும் வந்து, நாங்கள் அவனைக் கண்டுபிடித்தபோது எலும்பாகிப் போயிருந்தான்.

அதன்பிறகு டில்லியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதெல்லாம் ஏட்டையாதான். ஷேர் ஆட்டோவில் யாரும் பக்கத்தில் உட்கார மாட்டார்கள் என்று முழு ஆட்டோவையும் பேசிக் கூட்டிப் போவார். அவன் எழுந்து நடக்க முடியாமல் போனபோது தூக்கிக்கொண்டு போனார். ஒருநாள் வார்டில் நானும் இருந்தேன். டில்லியின் வாயைத் துடைத்துவிட்டு, என் எதிரிலேயே அவனிடம் சொன்னார்.

“டேய், நான் புடிக்காம இருந்திருந்தா நீ உன் ஊசிய நீ வச்சிருப்ப. என்னாலதான்டா இது.”

டில்லி மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தான். “வுடுங்க ஏட்டையா. நீங்க நல்லதுக்குத்தான் பண்ணீங்க.”

வெளியே வந்து வராந்தாச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். “அவன் திட்டியிருக்கலாம்மா,” என்றார். “காறித் துப்பியிருந்தாகூட நான் ஊட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன்.”

டில்லி அந்த மழைக்காலத்தில் இறந்தான்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து எங்கள் திட்டக் காலம் முடிந்தது. வெளிநாட்டுப் பணம் நின்றது. டாக்டர் வருவது நின்றது. கையிருப்பில் இருந்த ஊசி தீர்ந்துகொண்டே வந்தது. இது அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை, அரசாங்கப் பணத்தில் நடக்க வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தோம். கேட்பது சுலபமில்லை. போதை ஊசிக்கு அரசுப் பணமா என்றுதான் எல்லாரும் முதலில் கேட்டார்கள். திருவள்ளூரில் அதிகாரிகளுடன் நடந்த முதல் கூட்டத்தில் நான் படங்களும் கணக்குகளுமாக நீண்ட நேரம் பேசினேன். ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர், “அரசு செலவுல ஊசி வாங்கிக் குடுத்தா நாளைக்குப் பேப்பர்ல என்னம்மா எழுதுவான்?” என்று கேட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போகச் சொன்னார்.

அப்போது பின்வரிசையில் இருந்து ஏட்டையா எழுந்தார். அவரைப் பேச நான் கூப்பிடவில்லை. பெரியபாளையம் வழியாக பஸ்ஸில் துணைக்கு வந்தவர் அவ்வளவுதான்.

“சார், நான் ஏட்டா இருந்து ரிட்டையர் ஆனவன். இந்தப் பசங்க பாக்கெட்ல ஊசி இருந்தா புடிச்சவன் நான்தான். அதுக்குப் பாராட்டெல்லாம் குடுத்தாங்க. நான் புடிக்கப் புடிக்க அவங்க போட்டுக்கறத வுடல சார். ஊசிய வச்சிக்கறதத்தான் வுட்டாங்க. ஒரே ஊசிய ஒளிச்சு வச்சு எல்லாரும் போட்டுக்கினாங்க.”

டில்லியைப் பற்றிச் சொன்னார். பேப்பர் படித்தவர் மடித்துவைத்தார்.

“அதுக்கு கவர்மெண்ட் ஊசி வாங்கிக் குடுக்கணுமா?” என்று கேட்டார் ஒருவர். ஆனால் முதலில் இருந்த குரல் இல்லை.

“நோவு வந்தப்புறம் அவனுக்கு டெஸ்டு யார் எடுத்தது சார்? மாத்திரை யார் குடுத்தது? பெட்டு? கடைசியில பொணத்த ஏத்திக்கினு வந்த வண்டி? எல்லாம் ஜனங்க பணம்தான். அதுல ஒரு துளிய முன்னாடி குடுத்திருந்தா புள்ள ஊட்ல இருந்திருப்பான். ஊசி குடுத்தா எல்லாரும் போட ஆரம்பிச்சிருவாங்கன்றீங்க. நான் சர்வீஸ்ல பாத்த வரைக்கும் ஊசி கெடைக்குதேன்னு ஒருத்தனும் ஆரம்பிக்கல சார். ஊசி கெடைக்கலையேன்னு ஒருத்தனும் வுடவும் இல்ல.”

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது அடுத்த கூட்டத்துக்கு ஒரு தேதி கொடுத்தார்கள். என் கணக்குகளுக்குக் கிடைக்காத தேதி.

அதற்குப் பிறகு அவரை நான் விடவில்லை. சென்னைக்குக் கூட்டிப் போனேன். ஆலை நிர்வாகிகளின் கூட்டத்துக்குக் கூட்டிப் போனேன். பஞ்சாயத்துத் தலைவர்கள், மகளிர் குழுக்கள், கல்லூரி என்று போகாத இடமில்லை. நான் முதலில் கொஞ்சம் பேசுவேன். பிறகு அவரிடம் மைக்கைக் கொடுப்பேன். எந்த இடத்தில் அவர் குரல் உடையும் என்பது எனக்குப் பழகிவிட்டது. ஆஸ்பத்திரி வார்டில் டில்லி சொன்னதைச் சில சமயம் விட்டுவிட்டு அவசரமாக முடிப்பார். நான் பக்கத்தில் இருந்து, “டில்லி என்ன சொன்னான்னு சொல்லுங்க ஏட்டையா,” என்று எடுத்துக் கொடுப்பேன். சொல்வார். கேட்பவர்கள் கண்ணைத் துடைப்பார்கள். எனக்கு நம்பிக்கை வரும்.

ஒருநாள் பஸ்ஸில் திரும்பி வரும்போது சொன்னார். “நாளாவ நாளாவ பழகிடும்னு நெனச்சேன். ஒவ்வொரு வாட்டியும் மொத வாட்டி மாதிரியே கீதும்மா.”

“அதனாலதான் ஏட்டையா எல்லாரும் கேக்கறாங்க,” என்றேன்.

பாராட்டாகத்தான் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பதிலை இப்போது நினைத்தால் வாயைக் கழுவிக்கொள்ளத் தோன்றுகிறது.

பெரியபாளையம் பக்கத்து ஆரணியில் நடந்தது உங்களில் சிலருக்குத் தெரியும். அன்று மண்டபத்தில் இருந்தவர்கள் இதைப் படிக்கக்கூடும். சுற்று வட்டாரப் பஞ்சாயத்துகள் எங்களுக்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டால் திருவள்ளூரில் வேலை நடக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அதற்காகக் கூட்டிய கூட்டம். நெல் விவசாயிகள், மகளிர் குழுப் பெண்கள், நல்ல கூட்டம். டில்லியின் அம்மா கன்னியம்மாவின் தங்கை அந்த ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தார். கன்னியம்மாவும் வருகிறார் என்று எனக்கு முன்பே தெரியும். வரட்டும், தன் பிள்ளைக்காக இத்தனை பேர் கூடியிருப்பதைப் பார்த்தால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் அங்கே என்னென்ன கேட்க நேரும் என்று நான் யோசிக்கவே இல்லை. ஏட்டையாவிடமும் சொல்லவில்லை.

ஏட்டையா பேசினார். ஒரு விவசாயி எழுந்து, “எங்க வரப்புல ஊசி கெடக்குது. நாத்து நட வர்ற பொம்பளைங்க கால்ல குத்துது. நீங்க இன்னும் ஊசி குடுக்கறேன்றீங்க,” என்றார்.

“நாயம்தான்,” என்றார் ஏட்டையா. “பழச கொண்டாந்தாத்தான் புதுசு குடுப்பாங்க. அப்போ வரப்புல எவன் போடுவான்? பொறுக்கிக்கினு வருவான்.” அந்த விவசாயி தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

அப்போது நடுவில் இருந்து ஒருவர் சத்தமாகக் கேட்டார். “அதெல்லாம் சரி. பெத்தவ இன்னா பண்ணிக்கினு இருந்தா? புள்ள ஊசி போட்டுக்கினு திரியறான், அவ கண்ண மூடிக்கினு இருந்தாளா?”

ஏட்டையாவின் முகம் மாறியது. அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

“அவள சொல்லாதீங்க. உங்களுக்கு இன்னா தெரியும்? அவ ஸ்டேஷன் வாசல்ல வந்து நின்னு, அண்ணா, நீயே புடிச்சு மிரட்டி வையி, அப்பவாவது பயப்படறானா பாக்கலாம்னு அழுதா. அவ கேட்டதாலதான் நான் அவன வுடாமத் தேடித் தேடிப் புடிச்சேன். அவ கண்டிக்கலன்னு யாரும்...”

பின்னால் ஒரு நாற்காலி நகரும் சத்தம். கன்னியம்மா எழுந்து நின்றார்.

“ண்ணா,” என்றார். கத்தவில்லை. “அப்போ நான் வந்து சொன்னதாலதான் அவன் ஊசிய கையில வச்சிக்காம வுட்டானா?”

ஏட்டையாவின் கையில் மைக் இருந்தது. அவர் மூச்சு விடுவது மட்டும் மண்டபம் முழுக்கக் கேட்டது.  கன்னியம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போய்விட்டார். தீர்மானம் அன்றே நிறைவேறியது. எல்லாரும் கை தூக்கினார்கள்.

 திரும்பி வந்து புதுவாயலில் இறங்கும்போது அவர் சொன்னார். “எத்தினி எடத்துல பேசினோம். ஒரு எடத்துல அவ வந்து கேட்டான்னு நான் சொன்னது இல்லம்மா. அது என்னோடயே பூடட்டும்னு வச்சிருந்தேன்.”

அவர் பழியை முழுக்கத் தன் மேல் போட்டுக்கொண்டு பேசியதற்குக் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதில் பாதியை அவர் ஒரு தாய்க்காகச் சுமந்துகொண்டிருந்தார். அந்தத் தாய் வருவது தெரிந்தும் நான் அவர் கையில் மைக்கைக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவர் மையத்துக்கு வரவில்லை. கன்னியம்மா வீட்டுக் கதவைப் போய்த் தட்டியிருக்கிறார். திறக்கவில்லை. அதற்குள் திருவள்ளூரில் கடைசிக் கூட்டத்துக்குத் தேதி வந்துவிட்டது. பணம் ஒதுக்குவதா வேண்டாமா என்று அன்று முடிவாகும் என்றார்கள். நான் அவர் வீட்டுக்குப் போனேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் போனேன். மையத்தில் கொடுக்க ஊசி இல்லை. சேகர் கண் எதிரில் பையன்கள் மறுபடியும் ஏரிக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

“கன்னியம்மா சொல்லாம அவ புள்ள பேர இனிமே நான் வாயில எடுக்க மாட்டேம்மா,” என்றார்.

“வாங்க, போய்க் கேக்கலாம்,” என்றேன்.

காலை ஷிப்டு ஆட்கள் சாப்பிட்டுப் போகும்வரை கடைக்கு எதிரில் நின்றோம். கூட்டம் குறைந்ததும் போனோம். கன்னியம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டே, “இன்னா?” என்றார். நான் பேச வாயெடுத்தேன்.

“நீ இரும்மா. அவர் சொல்லட்டும்.”

ஏட்டையா ஒரு அடி முன்னால் வந்தார். “திருவள்ளூர்ல மீட்டிங்கு. டில்லியப் பத்திப் பேசச் சொல்றாங்க. நீ வேணாம்னா பேசல.”

“பேசினா என்னிய வுட்டுட்டுத்தானே பேசுவ?”

“உன் பேச்சையே எடுக்க மாட்டேன் கன்னிம்மா. சத்தியமா.”

அவர் தட்டைக் கவிழ்த்து வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு அப்போதுதான் ஏட்டையாவைப் பார்த்தார். “வுடாதண்ணா. நான் பண்ணதயும் சேத்து நீயே தூக்கிக்கினு எத்தினி நாளு திரிவ? நானும் வரேன். என்னோடத நான்தான் சொல்லணும்.”

அவர் வந்தார். அந்த அறையில் இருந்த யாரையும் அவருக்குத் தெரியாது. நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். ஏட்டையா தன் பங்கைச் சொல்லி முடித்ததும் கன்னியம்மா எழுந்தார். பேசியது கொஞ்சம்தான்.

“நான் புடிக்கச் சொன்னேன். இவரு புடிச்சாரு. ரெண்டு பேரும் நல்லதுன்னுதான் நெனச்சோம். எங்களுக்கு இது தெரியாது. இப்போ உங்களுக்குத் தெரிஞ்சிபோச்சு. தெரிஞ்சதுக்கு அப்புறமும் இன்னொரு புள்ளைக்கு வந்தா, அத்த யார் தலையில போடுவீங்க?”

 சில வாரங்களில் உத்தரவு வந்தது. எங்கள் மையம் அரசுத் திட்டத்தின் கீழ் வந்தது. ஊசி வந்தது. டாக்டர் மறுபடி வந்தார். பிறகு ஊசிக்குப் பதிலாகத் தினமும் வந்து நாக்கின் அடியில் வைத்துக்கொள்கிற மாத்திரையும் வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போகிற பையன்கள் இப்போது உங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். பெண்டாட்டி பிள்ளையோடு சினிமாவுக்குப் போகிறார்கள். உங்களுக்குத் தெரியாது, தெரியத் தேவையும் இல்லை. ஆனால் பணம் வருடத்துக்கு வருடம்தான். ஒவ்வொரு முறையும் புதிய அதிகாரி இருப்பார். “போதை ஊசிக்கு அரசுப் பணமா?” என்று மறுபடியும் முதலில் இருந்து கேட்பார். நான் மறுபடியும் ஏட்டையாவைக் கூப்பிடுவேன்.

கடைசி வரையில் அவர் மையத்துக்கு வந்துகொண்டிருந்தார். புதிதாக வருகிற பையனிடம் தன்னைத்தானே அறிமுகம் செய்துகொள்வார். “நான் முனிரத்தினம். ஏட்டா இருந்தவன். உன்ன மாதிரிப் பசங்களப் புடிச்சவன். திட்டணும்னா திட்டிட்டு உள்ள வா.” ஒருமுறை, “தெரியாமத்தானே செஞ்சீங்க, இன்னும் எதுக்கு இப்படிச் சொல்லிக்கறீங்க?” என்று கேட்டேன். “மன்னிப்பு கேக்கலம்மா. மன்னிச்சிட்டாங்கன்னா நான் ஊட்லயே குந்திக்குவேன்,” என்றார்.

அவர் வீட்டு வாசலில் அன்று ஒரு பக்கம் பழைய போலீஸ்காரர்கள் நின்றார்கள். இன்னொரு பக்கம் எங்கள் பையன்கள். கன்னியம்மா கடையை மூடிவிட்டுக் காலையிலேயே வந்து அவர் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் போய் ஏட்டையாவின் மனைவி கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் அழுதுகொண்டே பேசினார். எதையும் மனதில் வைத்துக்கொண்டு பேசவில்லை.

“மீட்டிங்குக்குப் போய்ட்டு வந்தா ரெண்டு மூணு நாளு சரியா சாப்பிட மாட்டாரும்மா. செவுத்தப் பாத்துப் படுத்துக்குவாரு. ஏன் போற, முடியலன்னு சொல்லிடேன்னா கேக்க மாட்டாரு. அந்தப் பொண்ணு கூப்புடுது, போய்ட்டு வந்துடறேன்னு கெளம்பிடுவாரு.”

இத்தனை வருடத்தில் இதை ஏட்டையா என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கூட்டம் முடிந்த மறுநாள் அவர் எப்படி இருக்கிறார் என்று ஒரு போன் செய்ததில்லை. அடுத்த கூட்டத்துக்குத் தேதி சொல்லத்தான் போன் செய்திருக்கிறேன்.

அவருடைய படத்தை மையத்தில் மாட்டலாம் என்று பையன்கள் சொல்கிறார்கள். மாட்டட்டும். எனக்கென்று நான் வைத்துக்கொள்வதைச் சொல்கிறேன். இனி எந்த மேடையிலும் அவருடைய கதையை அவருக்குப் பதிலாக நான் சொல்லப் போவதில்லை. கேட்பவர்கள் அழுவார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் சொல்ல மாட்டேன். அவர் தன் பங்கைச் சொன்னார், கன்னியம்மா தன் பங்கைச் சொன்னார். என் பங்கு ஒன்று இருக்கிறது. ஒரு நல்ல மனிதரின் புண்ணை ஊர் ஊராகத் திறந்து காட்டித்தான் இந்தப் பணத்தை வாங்கினேன். ஒரு பையனுக்குச் சுத்தமான ஊசி கிடைக்க, ஒரு கிழவர் அதிகாரிகள் முன்னால் நின்று வருடா வருடம் அழ வேண்டியிருந்தது. குடிநீருக்கும் தடுப்பூசிக்கும் யாரும் இப்படி அழுது காட்டத் தேவையில்லை. இதற்கு மட்டும் ஏன் தேவைப்பட்டது என்று இனி நான் கேட்பேன். உரக்கக் கேட்பேன்.

அவர் இருக்கும்போதே கேட்டிருக்க வேண்டும்.